ஹாஃப் இன்ஜினா, ஃபுல் இன்ஜினா? பைக் இன்ஜின் கூலி நியாயமா என்று பார்ப்பது எப்படி

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மடிவாளாவில் குடியிருக்கிறீர்கள். 2012ஆம் ஆண்டின் 150 சிசி பைக், காற்றால் குளிரும் இன்ஜின், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் புகை வருகிறது, சிக்னலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போதும் வருகிறது, ஆயில் குறைகிறது. பக்கத்துப் பட்டறையில் "ஃபுல் இன்ஜின் வேலை, மூன்று நாள் ஆகும்" என்று சொல்லி 17,200 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் உதிரி பாகம் 9,800, லேத் வேலை 1,400, கூலி 6,000. கூலியைப் பிரித்தால் இன்ஜின் இறக்கிப் பிரித்து மாட்ட 3,500, கிளட்ச் பிளேட் 500, டைமிங் செயின் 700, ஹெட் வேலை 800, கார்புரேட்டர் சுத்தம் செய்ய 500. ஆறாயிரம் ரூபாய் கூலி அதிகமா, பேரம் பேசி ஐயாயிரத்துக்குக் கொண்டுவரலாமா என்பது உங்கள் கேள்வி.

பெங்களூரில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தேன். அதன் பிறகு அல்சூரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆயிரம் ரூபாய் கூலியைக் குறைக்கப் பேசப் போகிறீர்கள்; ஆனால் உங்கள் பணம் போகிற ஓட்டை அங்கே இல்லை. இன்ஜினை எதுவரை திறக்க வேண்டும் என்ற முடிவில்தான் இருக்கிறது. அந்த முடிவு தவறாக இருந்தால், கூலியைப் பாதியாகக் குறைத்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான்.

ஹாஃப் இன்ஜின் என்றால் சிலிண்டரும் அதற்கு மேலே உள்ளவையும்: ஹெட், வால்வு, ஆயில் சீல், பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் ரிங். ஃபுல் இன்ஜின் என்றால் இன்ஜினின் அடிக்கூடான கேஸையே இரண்டாகப் பிளந்து, சக்கரத்துக்குச் சுழற்சி தரும் கிராங்க், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, பேரிங், கியர் எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. முன்னதற்கு நாலைந்து மணி நேர வேலை. பின்னதற்கு அதைப் போல இரண்டு பங்கு.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது வால்வு ஆயில் சீல்தான். இரவு முழுக்க வண்டி நிற்கும்போது, இறுகிப்போன சீல் வழியாக ஆயில் துளித்துளியாக இறங்கி வால்வின் மேல் தேங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து நீலப் புகையாக வந்து, சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போதும் அதே கதை. ரிங் தேய்ந்த வண்டி இப்படி நடந்துகொள்ளாது. அது ஆக்ஸிலேட்டரைத் திருகுகிற போதெல்லாம், மேம்பாலம் ஏறும்போதெல்லாம் விடாமல் புகைக்கும், இழுவையும் குறையும். கிராங்க் போயிருந்தால் புகையை விடச் சத்தம்தான் முன்னால் வரும். இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து கனமான தட்டல் சத்தம் கேட்கும். நீங்கள் சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

வண்டியைக் கண்ணால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் தீர்ப்புச் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது, அதற்கு இருபது நிமிடம்கூட ஆகாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து வைத்து, முள் ஏறி நிற்கும் வரை கிக்கரை உதைத்துப் பார்க்க வேண்டும். வண்டியின் மேனுவலில் உள்ள அளவை விட முள் குறைவாகக் காட்டினால், அதே துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டு மறுபடி உதைக்க வேண்டும். இப்போது அழுத்தம் ஏறினால் தேய்ந்தது ரிங்கும் சிலிண்டரும், ஏனென்றால் ஊற்றிய ஆயில் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டது. ஏறவே இல்லையென்றால் கசிவு வால்வு பக்கம். முதல் தடவையே அழுத்தம் சரியாக இருந்து, புகை மட்டும் காலையில் வருகிறதென்றால் சீல் மீதுதான் சந்தேகம். இந்தச் சோதனைக்கு இருநூறு முந்நூறு ரூபாய் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுங்கள். அந்த மொத்த பில்லில் உங்களுக்கு அதிக லாபம் தரும் தொகை அதுவாகத்தான் இருக்கும். "சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் சார், மீட்டரெல்லாம் வேண்டாம்" என்பவர் நல்ல கைகாரராகவே இருக்கலாம். ஆனாலும் பதினேழாயிரம் ரூபாய் முடிவைக் காதை மட்டும் நம்பி எடுக்கக் கூடாது.

பெங்களூர் வண்டிகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. "68,000 தானே, அதற்குள் சிலிண்டர் தேயுமா?" என்று பலர் கேட்கிறார்கள். மீட்டர் கிலோமீட்டரை எண்ணுகிறது. இன்ஜின் மணி நேரத்தில் தேய்கிறது. சில்க் போர்டு சந்திப்பு வழியாக நாள்தோறும் போய்வரும் வண்டி சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டரில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், 68,000 கிலோமீட்டருக்கு 3,400 மணி நேரம் இன்ஜின் ஓடியிருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி என்று நெடுஞ்சாலையில் 40 கிலோமீட்டர் சராசரியில் ஓடிய வண்டிக்கு அதே தூரத்துக்கு 1,700 மணி நேரம்தான். காற்றால் குளிரும் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினால் அதற்குக் காற்றும் கிடையாது. ஆகவே ரிங் தேய்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறேன்.

சோதனையில் வேலை மேல்பகுதியில்தான் என்று வந்தால், ஹாஃப் இன்ஜின் மட்டும் திறக்கச் சொல்லுங்கள். சிலிண்டரைக் கழற்றியதும் நீங்கள் நேரில் போய் நில்லுங்கள். கிராங்க் நல்லதா கெட்டதா என்பதை அப்போது கையாலேயே பார்த்துவிடலாம். பிஸ்டன் மாட்டும் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர்மேலும் நேர்கீழுமாக இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் திசையில் விரலுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால் ராடு கிராங்கோடு சேரும் பெரிய முனையின் பேரிங் போய்விட்டது, ஃபுல் இன்ஜின் திறக்கத்தான் வேண்டும். பக்கவாட்டில் ஆடுவது வேறு. அங்கே கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தைக் காட்டி "பார்த்தீர்களா, கிராங்க் போய்விட்டது" என்று சொல்லி எத்தனையோ நல்ல கிராங்குகளை மாற்ற வைத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

திறப்பதற்கு முன்பே இன்னொன்றையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஹாஃப் திறந்த பிறகு ஃபுல் தேவைப்பட்டால், இரண்டு கூலியையும் கூட்டக் கூடாது. ஃபுல் இன்ஜின் கூலி மட்டும்தான். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது அல்லவா?

இனி கூலிக்கு வருகிறேன். ஒரு மணி நேரக் கூலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், நியாயம் எது என்று நீங்களே சொல்லிவிடலாம். ஒரு சின்னப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். வாடகை 18,000, மெக்கானிக் தன் குடும்பத்துக்கு எடுத்துக்கொள்வது 30,000, உதவிக்கு இருக்கும் பையனுக்கு 15,000, மின்சாரம் தண்ணீர் 4,000, கருவிகளின் தேய்மானம் 3,000. மாதம் 70,000 ரூபாய். இருவரும் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 416 மணி. ஆனால் அத்தனையையும் விற்க முடியாது. வண்டி கழுவுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, வேலையே வராத செவ்வாய்க்கிழமை மதியம், அல்சூரிலிருந்து ஜே.சி. ரோடு போய் ஒரு ஆயில் சீல் வாங்கிவர ஆகும் ஒன்றரை மணி நேரம், இதெல்லாம் போனால் பில் போடக்கூடிய நேரம் 200 மணியைத் தாண்டாது. ஆக மணிக்கு 350 ரூபாய். இது லாபம் அல்ல, கடை திறந்திருப்பதற்கான அடக்கவிலை. ஃபுல் இன்ஜினுக்குப் பத்து மணி நேரம் என்றால் 3,500. உங்கள் மெக்கானிக் கேட்டிருப்பதும் அதேதான். அந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கேட்காதீர்கள் என்பேன். ஹாஃப் இன்ஜின் என்றால் இதே கணக்கில் 1,400 முதல் 1,750 வரை வரும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கட்டிடமும் ஆட்களும் கணினியும் சேர்வதால் இதைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆகும். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

பிசகு இருப்பது பில்லில் அந்த 3,500க்குக் கீழே எழுதியிருக்கும் வரிகளில். கிளட்ச் பிளேட் மாற்ற 500 ரூபாய் என்பது தனியாக அந்த வேலைக்காகவே வண்டி வந்தால் நியாயமான கூலி. ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, கிளட்ச் கவரைத் திறந்து, பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துத் திரும்ப மூடுவதற்குத்தான் அந்தப் பணம். பிளேட்டை எடுத்துப் புதியதை வைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். ஃபுல் இன்ஜின் வேலையில் அந்தக் கவர் எப்படியும் திறந்தாக வேண்டும், கிளட்ச் எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். அதற்கான கூலி 3,500க்குள் ஏற்கெனவே இருக்கிறது. மறுபடி 500 என்பது ஒரே கதவைத் திறக்க இரண்டு தடவை காசு வாங்குவது. டைமிங் செயினும் அப்படியே: அதை எடுக்க, கிராங்கின் ஒரு முனையில் சுழலும் மேக்னெட்டைக் கழற்ற வேண்டும், மேக்னெட்டைக் கழற்றாமல் கேஸைப் பிளக்கவே முடியாது. அந்த 700 நீக்கப்பட வேண்டியது.

ஹெட் வேலை வேறு. வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கரி சுரண்டி, பேஸ்ட் தடவி உட்காரும் இடத்தில் தேய்த்துப் பொருத்துவது கையால் செய்கிற பொறுமையான வேலை. ஒரு மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும். உண்மையிலேயே அதைச் செய்கிறார் என்றால் 400, 500 கொடுக்கலாம். செய்தாரா என்று பார்க்கவும் வழி உண்டு. வால்வுகளைப் பொருத்திய பிறகு ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரிபொருள் எரிகிற அந்தக் குழியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால், வால்வு வழியாக ஒரு சொட்டும் மறுபக்கம் கசியக் கூடாது. கார்புரேட்டர் சுத்தம் தனி வேலைதான், ஆனால் அது எப்படியும் கழன்று வெளியே வந்திருக்கும் நிலையில் 300 போதும். ஃபுல் இன்ஜின் தேவையென்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் கூலி 3,500, 500, 300 எனச் சேர்த்து 4,300 ரூபாய். நீங்கள் பேரம் பேசி எட்ட நினைத்த ஐயாயிரத்தை விட இது குறைவு, மெக்கானிக்கின் உழைப்பையும் இது குறைக்கவில்லை.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில்தான் அதிகச் சண்டை வருகிறது. சர்வீஸ் சென்டரில் இருந்தபோது ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பில்லில் ஆறரை மணி நேரக் கூலி. எங்கள் பையன் நாலு மணி நேரத்தில் முடித்துவிட்டான். "செய்யாத இரண்டரை மணிக்கு நான் ஏன் தர வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கம்பெனி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் நிர்ணயித்திருக்கும், பில் அதன்படிதான். கைதேர்ந்தவன் சீக்கிரம் முடித்தால் அது அவன் பல ஆண்டுக் கைப்பழக்கத்தின் பலன். புதியவன் அதே வேலையை ஒன்பது மணி நேரம் இழுத்தால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு அவர் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே விதியாக இருந்தால் அது நியாயம். சீக்கிரம் முடிந்தால் நிர்ணயக் கூலி, தாமதமானால் மணிக்கணக்கு என்று மாற்றி மாற்றிப் போடும் இடங்களும் உண்டு. அங்கே வண்டியை விடாதீர்கள். முதலிலேயே "இந்தக் கூலி வேலைக்கா, மணிக்கா?" என்று கேட்டு ஒரு பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று: உடைந்த போல்ட். சைலன்ஸரைப் பிடிக்கும் ஸ்டட் அலுமினிய ஹெட்டுக்குள் முறிந்துவிட்டால், துளைபோட்டு எடுத்து, புதிய மரை உண்டாக்க அரை நாள் போகும். செலவு யாருடையது? முறிந்த முகத்தைப் பாருங்கள். உள்ளேயும் துரு படிந்த பழுப்பு நிறமாக இருந்தால் அது வெகு நாளாக அரித்து விரிசல் விட்டது. உங்கள் வண்டியின் வயது, நீங்கள்தான் தர வேண்டும். முழுவதும் பளபளவென்று புது உலோகமாகத் தெரிந்தால் பெரும்பாலும் யாரோ ஸ்பேனரை அதிகமாகத் திருகியிருக்கிறார்கள். அது பட்டறையின் பொறுப்பு.

லேத் வேலைக்கு எழுதியிருக்கும் 1,400 பட்டறைக்காரர் கைக்குப் போவதில்லை. தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்குவது (போர் செய்வது), கிராங்க் பின்னைப் பிரஸ்ஸில் அழுத்தி நேராக்குவது எல்லாம் லேத் பட்டறையில் தனி ஆட்கள் செய்வது. மூன்று நாள் என்று சொல்வதும் அங்கே வரிசையில் நிற்கும் நேரத்தைச் சேர்த்துத்தான், ஆகவே மூன்று நாள் கூலி என்று மனத்தில் பெருக்கிவிடாதீர்கள். லேத்காரர் கொடுக்கும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். போர் செய்வதற்கு முன் சிலிண்டரை அளந்து பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இந்த வகைச் சிறிய இன்ஜின்களில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால்தான் பொதுவாகப் பெரிய அளவுப் பிஸ்டனுக்குப் போக வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எல்லை அதன் மேனுவலில் இருக்கும். எல்லைக்குள் இருந்தால் ரிங் மட்டும் மாற்றினால் போதும். போர் செய்கிறார்கள் என்றால் 0.25 மில்லிமீட்டரிலிருந்து படிப்படியாகத்தான் ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் 0.75க்குப் போனால், அடுத்த தடவைக்கு மிச்சம் குறைந்துவிடும். கேடிஎம் 390 போன்ற, சிலிண்டர் சுவரில் பூச்சு போட்ட வண்டிகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை; அங்கே சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

உதிரி பாகத்தில் மெக்கானிக்குக் கடைக்காரர் கொஞ்சம் கமிஷன் தருவார். அது ஊருக்கே தெரிந்தது, நான் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். பாகத்தைத் தேடி வாங்கி, பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்து, நாளைக்கு அது கெட்டால் பதில் சொல்வதும் அவர்தானே? ஆனால் உறையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தரக் கூடாது. உறைகளையும், கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நீங்களே ஜே.சி. ரோடில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் சில நூறு மிச்சமாகலாம். பதிலுக்கு அவர் உத்தரவாதம் தர மறுத்தால் அதில் தவறில்லை. ஜிஎஸ்டி என்று தனியாகப் பணம் கேட்டால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். பதிவு செய்யாத சின்னப் பட்டறை அந்த வரியை வசூலிக்க முடியாது.

எழுத்தில் வாங்குவதைப் பற்றிப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170 இதில் மெக்கானிக்குக்கு ஓர் உரிமை தருகிறது: ஒப்படைத்த பொருளின் மேல், ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்ப உழைப்பைச் செலுத்தியவர், அதற்கான கூலி வரும் வரை பொருளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே வேலை முடிந்த பிறகு சண்டை போட்டால் சாவி அவரிடம்தான் இருக்கும். ஆனால் "ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்ப" என்பது உங்களுக்கான பாதுகாப்பு. ஹாஃப் இன்ஜின், இன்ன பாகங்கள், இதற்கு மேல் திறக்க வேண்டுமென்றால் போன் செய்து கேட்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் நாலு வரி இருந்தால், சொல்லாத வேலைக்குப் பணம் கேட்க இடமில்லை. பில் தர மறுத்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

நாளைக் காலை போகும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது முந்தின இரவே அங்கே விட்டுவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினின் முதல் புகையை மெக்கானிக் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு இன்ஜின் சூடானதும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றி டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிபார்ப்பதும் இந்தக் கூலிக்குள் அடங்குமா என்று கேளுங்கள்; என் பட்டறையில் அடங்கும், ஆயில் விலை மட்டும் தனி. கம்ப்ரஷன் மீட்டர் முதலில் என்ன காட்டியது, ஆயில் ஊற்றிய பிறகு என்ன காட்டியது, இந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள். மீதியை அதை வைத்துப் பார்ப்போம்.